கணக்கு வகுப்பும் நரம்பணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். ஆய்வு செய்வது நரம்பணுக்களின் கணித மாதிரிகளைப் பற்றி. இந்தத் துறைக்குக் கணக்கீட்டு நரம்பியல் என்று பெயர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதும் மாணவர்கள், பெற்றோர்கள், உயிரியல் துறை நண்பர்கள், ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

மேடம், நீங்க கணக்கு டீச்சரா, மூளை டாக்டரா?

கணக்கு டீச்சர்தான். தலைவலி, வலிப்பு, மறதி என்று யார் கேட்டாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். எலி, குரங்கு, கணவாய் எதையும் நான் தொட்டதில்லை. பரிசோதனை செய்பவர்கள் பதிவு செய்த மின்னழுத்த வரைபடங்கள் என்னிடம் வரும். இப்படி நடக்க எந்தச் சமன்பாடு காரணமாக இருக்கலாம் என்று யோசிப்பது என் வேலை.

அப்போ கணக்கீட்டு நரம்பியல்னா என்ன? ஸ்கேன் படத்தை கம்ப்யூட்டர்ல பார்க்கிறதா?

ஸ்கேன் படங்களை அலசுவது பக்கத்துத் துறை. இங்கே அடிப்படைக் கேள்வி வேறு: நரம்பணுக்களும் அவற்றின் வலையமைப்புகளும் என்ன கணக்கீட்டைச் செய்கின்றன, எப்படிச் செய்கின்றன? விடை சமன்பாடாக எழுதப்பட வேண்டும். அந்தச் சமன்பாடு, இதுவரை அளக்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னது பொய்த்தால் மாதிரியைத் திருத்த வேண்டும், அல்லது தூக்கிப் போட வேண்டும்.

கணிதத் துறையில் இருந்துகொண்டு இதைச் செய்வது விசித்திரம் அல்ல. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நான்சி கோப்பெல், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பார்ட் எர்மன்ட்ராட், நியூயார்க்கின் கூரான்ட் நிறுவனத்தில் ஜான் ரின்செல் என்று இத்துறையின் பெரிய பெயர்கள் பல கணிதத் துறைப் பேராசிரியர்களுடையவை.

ஒரு செல்லுக்குள்ள கணக்கு எங்க இருந்து வந்துச்சு?

நரம்பணுவின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் மின்னழுத்த வேறுபாடு உண்டு. சும்மா இருக்கும்போது உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். உள்ளே மின்னோட்டம் வந்தால் சவ்வு அதைச் சேமிக்கும். சேமித்ததில் கொஞ்சம் கசியவும் செய்யும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டால் நரம்பணு ஒரு மின் துடிப்பை அனுப்பிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். 1907இல் பிரெஞ்சு அறிஞர் லூயி லாபிக், சவ்வைக் கசியும் மின்தேக்கியாகக் கருதி இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார்.

எண்களைப் போட்டே பார்க்கலாம். சவ்வின் மின்தடை 100 மெகாஓம், கால மாறிலி (மின்னழுத்தம் எவ்வளவு மெதுவாக மாறும் என்பதற்கான அளவு) 10 மில்லிவினாடி, துடிப்புக்கு இன்னும் 15 மில்லிவோல்ட் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.3 நானோஆம்பியர் செலுத்தினால் மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட் உயரத்தை நோக்கி ஏறும். 15ஐத் தொட எடுக்கும் நேரம் 10 பெருக்கல் 2இன் இயல் மடக்கை, அதாவது சுமார் 6.9 மில்லிவினாடி. வினாடிக்கு ஏறக்குறைய 144 துடிப்புகள். 0.16 நானோஆம்பியராகக் குறைத்தால் மடக்கைக்குள் 16 வரும், நேரம் 27.7 மில்லிவினாடி, துடிப்புகள் 36 ஆகிவிடும். சரியாக 0.15 செலுத்தினால்? மின்னழுத்தம் 15ஐ நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது. எல்லை என்ற கருத்தை வகுப்பில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்க்கிறோம். இந்த நரம்பணு அதை மிகத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

கவனித்தீர்களா, பன்னிரண்டாம் வகுப்பில் நியூட்டனின் குளிர்வு விதிக்குப் போட்ட அதே வகைக்கெழுச் சமன்பாடுதான் இது. ஆறும் காப்பிக்கும் ஏறும் மின்னழுத்தத்துக்கும் தீர்க்கும் முறை ஒன்றே.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த துறைதானே?

இல்லை. இத்துறையின் மிகப் பெரிய கணக்கு கையால் சுற்றும் இயந்திரத்தில் போடப்பட்டது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில், கணவாயின் ராட்சத நரம்பிழையில் மின்னோட்டங்களை அளந்தார்கள். அந்த இழையின் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். உள்ளே மின்வாயை நுழைக்கலாம். அதனால்தான் கணவாய். மின்னழுத்தம் ஒன்று, சவ்வில் சோடியம், பொட்டாசியம் அயனிகளை உள்ளேயும் வெளியேயும் விடும் வாயில்களைக் குறிக்கும் மாறிகள் மூன்று, ஆக நான்கு சமன்பாடுகள் கிடைத்தன. இவற்றில் பொட்டாசியத்துக்கான மாறி நான்காம் அடுக்கில் வரும்.

தீர்க்கப் போனபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினியில் மாற்றங்கள் செய்துகொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அதைத் தொட முடியாது. ஹக்ஸ்லி பிரன்ஸ்விகா என்ற கைப்பிடி கணக்கீட்டு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சுற்றினார். இழை நெடுக ஓடும் ஒரு துடிப்பைக் கணக்கிட வாரக்கணக்கில் ஆனது. துடிப்பின் வேகம் வினாடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்கு சொன்னது. பரிசோதனையில் அளந்தது 21.2 மீட்டர். வேகத்தைச் சமன்பாட்டுக்குள் யாரும் போடவில்லை. அது தானாக வெளியே வந்தது. 1952இல் கட்டுரைகள் வெளியாயின, 1963இல் நோபல் பரிசு. வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் அருகருகே எழுதும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

பொட்டாசியம் மாறிக்கு ஏன் நாலாம் அடுக்கு? யாராவது சும்மா போட்டதா?

சும்மா இல்லை, பொருத்திப் போட்டது. பொட்டாசியம் மின்னோட்டம் தொடங்கும்போது கொஞ்சம் தயங்கி, பிறகுதான் வேகமாக ஏறும். எளிய அடுக்குக்குறி வளைவில் அந்தத் தயக்கம் வராது. நான்காம் அடுக்கு போட்டால் வரும். ஐந்தோ ஆறோ போட்டால் இன்னும் நன்றாகப் பொருந்தலாம், ஆனால் கூடுகிற சிக்கலுக்கு அந்த முன்னேற்றம் ஈடாகாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கையால் சுற்றிக் கணக்குப் போட வேண்டிய காலம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1998இல் ராடரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் வாயிலின் வடிவத்தைப் படமாக்கியது. அது நான்கு ஒத்த துண்டுகளால் ஆனது. கேட்கும்போது அற்புதமாக இருக்கிறது. ஆனாலும் மாணவர்களை ஒரு நிமிடம் நிறுத்துவேன்: சோடியம் வாயிலும் நான்கு பகுதிகள் கொண்டதுதான், அங்கே பொருந்திய அடுக்கு மூன்று. எண் பொருந்தியதால் மட்டும் உள்ளே இருக்கும் பொறியைத் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது. இந்த விஷயம் கீழே இன்னொரு கேள்வியில் மறுபடியும் வரும்.

நாலு சமன்பாடு சரியா வேலை செய்யுது. அப்புறம் எதுக்கு அதை ரெண்டாக் குறைக்கிறீங்க?

நான்கு மாறிகளைத் தாளில் வரைய முடியாது, இரண்டை வரையலாம். 1961இல் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஹ்யூ, வேகமாக மாறும் மின்னழுத்தம் ஒன்று, அதை ஓய்வுக்குத் திரும்ப இழுக்கும், மெதுவாக மாறும் மீட்சி ஒன்று என இரண்டே மாறிகளுக்குச் சுருக்கினார். அடுத்த ஆண்டே ஜப்பானில் நகுமோ குழு அதற்கு இணையான மின்சுற்றைக் கட்டியது.

கிடைமட்ட அச்சில் மின்னழுத்தம், செங்குத்து அச்சில் மீட்சி. மின்னழுத்தம் மாறாத புள்ளிகளை இணைத்தால் முப்படி வளைவு, மீட்சி மாறாத புள்ளிகளை இணைத்தால் நேர்கோடு. இரண்டும் வெட்டும் இடம் ஓய்வுநிலை. மின்னோட்டத்தைக் கூட்டினால் வளைவு மேலே நகரும், வெட்டும் இடமும் நகரும், ஒரு கட்டத்தில் ஓய்வு நிலையற்றதாகித் துடிப்புகள் தொடரும். இதை மாணவர்களே பென்சிலால் வரைகிறார்கள். துல்லியம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் நரம்பணு ஏன் துடிக்கிறது என்ற கேள்விக்கு நான்கு சமன்பாடுகள் தராத விடையை இந்தப் படம் தருகிறது. எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வதுதான் என் தொழிலின் பெரும்பகுதி. முடிவு தப்பானால் படம் அழகாக இருக்கும், விடை பொய்யாக இருக்கும்.

முதலாம் ஆண்டு கணக்குல எதெல்லாம் உண்மையிலேயே பயன்படும்? நேராச் சொல்லுங்க மேடம்.

வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு. இந்த மூன்றும் இல்லாமல் நகர முடியாது.

ஐகன் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஓய்வுநிலைப் புள்ளியைச் சுற்றிச் சமன்பாட்டை நேரியலாக்கினால் இரண்டுக்கு இரண்டு அணி கிடைக்கும். அந்த அணியின் நடத்தையைச் சொல்லும் சிறப்பு எண்களே ஐகன் மதிப்புகள். ஐகன் மதிப்புகளின் மெய்ப்பகுதி குறையாக இருந்தால் ஓய்வு நிலையானது. ஒரு கலப்பெண் ஜோடியின் மெய்ப்பகுதி குறையிலிருந்து மிகைக்குத் தாண்டினால் நரம்பணு ஆடத் தொடங்கும், அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணைக் கற்பனைப்பகுதி சொல்லிவிடும். 1948இல் ஹாட்ஜ்கின் நண்டின் நரம்பிழைகளில் இரண்டு விதமான நடத்தையைப் பார்த்தார். சில இழைகள் மிகக் குறைந்த அதிர்வெண்ணிலிருந்து மெல்ல வேகமெடுக்கும். சில, தொடங்கும்போதே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தொடங்கும். இந்த இரண்டாவது வகைக்கு மேலே சொன்ன ஐகன் மதிப்புகள் விளக்கம் தருகின்றன. தேர்வுக்காக மட்டும் ஐகன் மதிப்பு கண்டுபிடித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கலப்பெண்ணோட மடக்கையும் எங்கேயாவது வருமா?

வரும், ஆச்சரியமான இடத்தில் வரும். கண்ணில் விழும் பிம்பம், மூளையின் பின்புறத்தில் உள்ள முதல் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மேலடுக்கில்) அப்படியே ஒட்டப்படுவதில்லை. பார்வையின் நடுவிலிருந்து தொலைவு, கோணம் இரண்டாலும் ஒரு புள்ளியைக் குறித்தால், புறணியில் அது தொலைவின் மடக்கை ஒரு அச்சு, கோணம் மறு அச்சு என்ற இடத்தில் போய் உட்காரும். மிக நடுப்பகுதியை விட்டுவிட்டால் இது நல்ல தோராயம். கலப்பெண் மடக்கையின் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் இவைதானே!

இனி ஒரு கணக்கு. புறணியில் இணையான நேர்கோடுகளாக நரம்பணுக்கள் கிளர்ந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? மடக்கையைத் திருப்பிப் போடுங்கள். கோண அச்சுக்கு இணையான கோடுகள் வளையங்களாகும், மற்ற அச்சுக்கு இணையானவை நடுவிலிருந்து விரியும் கதிர்களாகும், சாய்ந்த கோடுகள் சுருள்களாகும். 1920களில் ஹைன்ரிக் க்ளூவர் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் தரும் மாயத் தோற்றங்களை ஆராய்ந்து, சுரங்கம், சுருள், வலைக்கண்ணி, சிலந்திவலை என்ற நான்கு வடிவங்களே திரும்பத் திரும்ப வருவதாக எழுதினார். 1979இல் எர்மன்ட்ராட்டும் ஜாக் கோவனும், பக்கத்து நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, சற்றுத் தள்ளியவை அடக்கிக்கொள்ளும் வலையமைப்பில் சமநிலை கெட்டால் தானாகவே கோடுகளும் கட்டங்களும் முளைக்கும் என்று காட்டினார்கள். அந்தக் கோடுகளை மடக்கை வழியே திருப்பினால் க்ளூவரின் வடிவங்கள் கிடைக்கின்றன. இருட்டில் கண்ணை மூடி இமையை அழுத்தினால் சிலருக்குத் தெரியும் கட்டங்களும் இதே குடும்பம்தான். (அழுத்திப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு நல்லதில்லை.)

இந்தப் பாடத்துக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குவேன். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாராவது சொன்னால், கலப்பெண் சார்புகள் என்ற தலைப்பைக் காட்டுவேன்.

பைத்தான்ல நாலு வரி எழுதினா விடை வந்துடுது. கையால எதுக்குப் போடணும்?

விடை வரும், சரியான விடையா என்று அது சொல்லாது. கால மாறிலி 10 மில்லிவினாடி கொண்ட நம் கசியும் நரம்பணுவை, நேரத்தைச் சின்னப் படிகளாக வெட்டிக் கணக்கிடும் ஆய்லர் முறையில், 1 மில்லிவினாடிப் படியில் ஓட்டினால் இறுதி மதிப்பிலிருந்து உள்ள இடைவெளி ஒவ்வொரு படியிலும் 0.9 மடங்காகும். பத்துப் படிகள் கழித்து 0.349. உண்மை விடை 0.368. பரவாயில்லை. அதையே 25 மில்லிவினாடிப் படியில் ஓட்டுங்கள். இடைவெளி ஒவ்வொரு படியிலும் −1.5 மடங்காகும், மின்னழுத்தம் மேலும் கீழும் பாய்ந்து வெடித்துப் போகும். திரையில் அது துடிக்கும் நரம்பணு போலவே தெரியும்! கையால் ஒருமுறை போட்டவர் அது படியின் கோளாறு என்று உடனே கண்டுபிடிப்பார்.

கருவிகளுக்குக் குறைவில்லை. நியூரான், பிரயன், நெஸ்ட் என்ற மென்பொருள்கள் எல்லாமே இலவசம். எர்மன்ட்ராட் எழுதிய எக்ஸ்பிபி-ஆட்டோ என்ற மென்பொருளில் மேலே சொன்ன இரண்டு மாறிப் படத்தைச் சில வரிகளில் வரையலாம். கையால் ஒன்று, பிறகு கருவியில் நூறு என்பதே என் வகுப்பு வழக்கம்.

ஆராய்ச்சி பண்றவங்களுக்கு வகுப்பு எடுக்கிறது ஒரு சுமைன்னு சொல்றாங்களே?

எனக்கு அப்படி இல்லை. விடைத்தாள் திருத்துவது சுமைதான், ஆனால் வகுப்பு அப்படியல்ல. 0.15 நானோஆம்பியர் கணக்கைப் போட்டபோது ஒரு மாணவி, “மின்னோட்டம் கொஞ்சம் ஆடிக்கிட்டே இருந்தா மேடம்?” என்று கேட்டாள். அதுதான் இத்துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று. சராசரி மின்னோட்டம் போதாதபோது, ஏற்ற இறக்கமே எப்போதாவது மின்னழுத்தத்தைத் தள்ளித் துடிப்புக்கான மட்டத்தைத் தாண்டவைக்கும். துடிப்புகள் ஒழுங்கற்று வரும். உயிருள்ள விலங்கின் புறணியில் பதிவாகும் துடிப்புகளும் பெரும்பாலும் அப்படி ஒழுங்கற்றவைதான். காரணம் என்ன என்பது பற்றிப் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. நிகழ்தகவுப் பாடத்தை அந்த வாரமே முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

ஏஐயும் இதுவும் ஒண்ணுதானே?

தாத்தா ஒருவரே. 1943இல் வாரன் மெக்கல்லக்கும் வால்ட்டர் பிட்ஸும் நரம்பணுவை ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் தர்க்கக் கருவியாக எழுதினார்கள். செயற்கை வலையமைப்புகள் அந்த வழியில் வந்தவை. 1982இல் ஜான் ஹாப்ஃபீல்ட் நினைவாற்றலுக்கு எழுதிய மாதிரி இரண்டு துறைகளுக்கும் சொந்தம். அவருக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் 2024இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

நோக்கம் வேறு. பொறியாளருக்கு வலையமைப்பு வேலையைச் செய்தால் போதும். எனக்கோ, உயிருள்ள அணு அதை அப்படித்தான் செய்கிறதா என்று தெரிய வேண்டும். செயற்கை வலையமைப்பின் பெரும்பாலான அணுக்களில் நேரமே கிடையாது. கசிவு, துடிப்பு, தயக்கம் எதுவும் இல்லை. நாம் மேலே இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் நேரத்தைப் பற்றித்தான்.

பிளஸ் டூவுல பயாலஜி எடுக்கல. இந்தப் பக்கம் வர முடியுமா?

முடியும். கணிதம், இயற்பியல், பொறியியல் படித்தவர்கள்தான் இங்கே நிறையப் பேர். உயிரியலை ஆய்வுக் கேள்வியோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தைப் பின்னால் சேர்ப்பது அதைவிடக் கடினம் என்பது என் கருத்து. உயிரியல் நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சென்னை ஐஐடி, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகிய இடங்களில் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. வேலை உத்தரவாதம் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு ஒன்று: இதற்காகக் கற்கும் கணிதமும் நிரலாக்கமும் வேறு வேலைகளுக்கும் அப்படியே உதவும்.

மாதிரி போட்ட கோடும் நிஜக் கோடும் ஒத்துப்போச்சு. அப்போ மாதிரி சரிதானே?

இல்லை. நான்காம் அடுக்கைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கே முழு பலத்தோடு வருகிறது. நண்டு, இறால் வகைகளின் வயிற்றுத் தசையை இயக்கும் சின்ன நரம்புச் சுற்று ஒன்று உண்டு. ஈவ் மார்டர் தன் ஆய்வு வாழ்க்கையையே அதற்குக் கொடுத்தவர். 2004இல் அஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் பூச்சர், மார்டர் மூவரும் அந்தச் சுற்றின் மூன்று நரம்பணு மாதிரியை, வெவ்வேறு இணைப்பு வலிமைகளும் அணுப் பண்புகளும் கொடுத்து 2 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்களைக் கொண்ட பல லட்சம் வகைகள் கிட்டத்தட்ட ஒரே தாளத்தைத் தந்தன.

ஆகவே, தாளம் பொருந்துகிறது என்பதை வைத்து உள்ளே உள்ள எண்களைச் சொல்ல முடியாது. விலங்குகளும் அப்படித்தான், ஒரே தாளத்தைத் தரும் இரண்டு நண்டுகளின் சுற்றுகளில் அளந்த எண்கள் இரண்டு மூன்று மடங்கு வேறுபடும். அதனால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பல விலங்குகளில் அளந்து சராசரி எடுத்து அதை மாதிரியில் போட்டால், அந்தச் சராசரி நரம்பணு எந்த விலங்கைப் போலவும் நடந்துகொள்ளாமல் போகலாம். சராசரியைப் பற்றிப் புள்ளியியல் வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் மேலே போவதில்லை.

எல்லா இணைப்பும் தெரிஞ்சிட்டா மூளை புரிஞ்சிடுமா?

ஓர் உருளைப்புழுவின் 302 நரம்பணுக்களின் இணைப்புப் படம் 1986இல் வெளியானது. பழ ஈயின் முழு மூளை, சுமார் 1.4 லட்சம் அணுக்கள், 2024இல் வந்தது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி. புழுவின் படம் கையில் கிடைத்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தப் புழுவின் நடத்தையை முழுமையாகக் கணக்கிட முடியவில்லை. படம் பெரிய கொடை, அது இல்லாமல் நாங்கள் இருட்டில் தடவிக்கொண்டிருப்போம். ஆனால் யார் யாரோடு பேசுகிறார் என்று சொல்லும் படம், எவ்வளவு வலிமையாக, எந்தத் தாமதத்தோடு என்று சொல்வதில்லை. டோபமைன், செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்கள் அதே இணைப்புகளை வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதையும் சொல்வதில்லை. மார்டரின் நண்டுச் சுற்றில் இதை நேரிலேயே பார்க்கலாம். அந்த எண்களை அளப்பது பரிசோதகர்களின் பாடு. அவற்றில் எவை நடத்தையை மாற்றும், எவை மாறினாலும் கவலையில்லை என்று பிரித்துச் சொல்வது எங்கள் பாடு. இரண்டு மாறிப் படத்தில் மாணவர்கள் பென்சிலால் செய்வதையே நாங்கள் ஆயிரக்கணக்கான மாறிகளில் செய்ய முயல்கிறோம், அதற்கான கணிதம் இன்னும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.